பள்ளம் என்றுதான் என் காதில் விழுந்தது

பசி என்னை விட்டுப் போனது எந்த நாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கரண்ட் போனால் வீடு இருட்டாகும், தண்ணீர் நின்றால் குழாய் இருமும். பசி அப்படிச் சொல்லிக்கொண்டு போகவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, கஞ்சியும் ரசமுமாகக் கொடுத்ததை விழுங்கிக்கொண்டு படுத்துக் கிடந்த நாட்களில் எப்போதோ அது எழுந்து போயிருக்க வேண்டும். காயம் ஆறியது. தையல் போட்ட இடத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும் மிஞ்சியது. நான் வேலைக்குத் திரும்பினேன். பசி திரும்பவில்லை.

அதன் பிறகு மணியைப் பார்த்துத்தான் சாப்பிட்டேன். பாத்ரூம் கழுவுவது, துணி காயப்போடுவது போல அதுவும் ஒரு வேலை. என் வீட்டுக்காரர் பிலிமத்தலாவையில் ஒரு ஹாட்வெயார் கடையில் இருக்கிறார். எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுவார் என்பதால், ஒப்பரேஷனுக்குப் பிறகு இராச் சமையலைத் தானே எடுத்துக்கொண்டார். கலஹா பக்கம் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் ஐந்து தம்பிமாருக்குச் சமைத்து வளர்ந்த மனிதர். அவர் வைக்கும் கருவாட்டுக் குழம்பின் வாசத்துக்குப் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணி கிண்ணத்தோடு வந்து நிற்பார். நான் அந்தக் குழம்பைத் தொட்டு ஒரு பிடி சோற்றைப் பிசைந்து, தட்டில் கோலம் போட்டு, எழுந்துவிடுவேன்.

முதலில் எல்லாம் நான் கதவைத் திறந்ததும் “பசிக்குதா?” என்று கேட்பார். நான் இல்லை என்பேன். பல மாதம் அப்படிக் கேட்டவர் ஒரு நாள் “வைக்கவா?” என்று கேட்டார். அதிலிருந்து அதுதான் கேள்வி. அந்த மாற்றத்தை நான் கவனித்தேன், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மகன் கொழும்பில் வேலைக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு சுண்டு அரிசி போட்டாலே மிஞ்சிப்போகிறது என்று அவர் அதையும் குறைத்துக்கொண்டார்.

இரத்தம், ஸ்கேன், தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது எல்லாம் செய்தாயிற்று. டொக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, ஸ்ட்ரெஸ், மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மனதை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்கினால் லேசாகும் என்று அவர் சொல்லவில்லை. நானோ ஊதினால் பறந்துவிடுவேன் போல ஆகிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் அதற்கும் பாராட்டு கிடைத்தது. “என்ன டயட் அக்கா?” என்று கேட்டவளை அறையலாம் போல இருந்தது. எனக்குள் இருந்த பயம் வேறு. வெட்டி எடுத்ததோடு சேர்த்து இதையும் எடுத்துவிட்டார்களோ, இனி சாகும்வரை எனக்குப் பசிக்காதோ என்ற பயம். பசிக்காத உடம்பு வாழ ஆசையில்லாத உடம்பு என்று எங்கேயோ மனதில் பதிந்துவிட்டிருந்தது.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டி டவுனில், வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் ஒரு கம்பனியின் தொலைபேசிப் பிரிவில், தமிழ் அழைப்புகளுக்குப் பதில் சொல்பவள் நான். ரவுட்டரில் சிவப்பு லைட் எரிந்தால் முழு இலங்கையும் என் காதுக்குள் வந்து கத்தும். “ஓம், நான் சொல்லுறதைக் கேளுங்கோ” என்று பேச்சைத் தொடங்கினால் யாழ்ப்பாணம். “என்னாங்க, நேத்துலேருந்து வேலை செய்யலயே” என்றால் ஹட்டன் பக்கம், நம்ம ஆள். மட்டக்களப்பு, புத்தளம், வெலிகமை எல்லாமே முதல் வரியிலேயே தெரிந்துவிடும். இந்த நாட்டுத் தமிழில் என் காதுக்குத் தெரியாத தமிழ் கிடையாது என்ற திமிர் எனக்கு நிறையவே உண்டு. அந்தத் திமிர்தான் பின்னால் என்னை ஆட்டி வைத்தது.

அந்த வேலையில் ஒரு சட்டம் இருந்தது. ஆள் எவ்வளவு ஏசினாலும் நம் பெருமூச்சு அந்தப் பக்கம் கேட்கக் கூடாது. ஹெட்செட்டில் மூச்சு விழுந்தால் பதிவைக் கேட்கிற மேலதிகாரி மதிப்பீட்டுப் புள்ளியை வெட்டிவிடுவார். அதனால் ஏச்சு தொடங்கியதும் வயிற்றை இறுக்கி மூச்சைக் கட்டிக்கொள்வேன். அவர் முடித்ததும், “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று தேன் குரலில் சொல்வேன். ஒரு நாளைக்கு எத்தனை ஏச்சு என்று கணக்கில்லை. மாலையில் எழும்போது உடம்பு நடுவில் முடிச்சுப் போட்ட கயிறு போல இருக்கும்.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஓர் இளம் பெண் இருந்தாள். அக்குறணைக்காரி, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் ஒரு நாள் கன்டீனில் என் சோற்றுப் பார்சலைப் பார்த்தாள். திறந்து, ஒரு வாய் கூடத் தொடாமல் மூடியிருந்தேன். பிறகு கதிரையை நெருக்கிப்போட்டுக்கொண்டு, மெல்லிய குரலில், தான் சனிக்கிழமைகளில் பெலி டான்ஸ் பழகுவதாகச் சொன்னாள். முதுகு வலிக்காகப் போனாளாம், இப்போது இரவில் நன்றாகத் தூக்கம் வருகிறதாம். பெண்கள் மட்டும்தான், கதவு பூட்டியிருக்கும், நீங்களும் வாருங்கள் என்றாள்.

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. பெலி டான்ஸ் என்றால் சினிமாவில் வில்லனின் மேசைக்கு முன்னால் ஒருத்தி இடுப்பை வெட்டுவாளே, அதுதான் எனக்குத் தெரிந்தது. தலையை மூடி, கைவரை மூடி வருகிற இவள் அதை ஆடுகிறாளா என்று பார்த்தேன். அவள் முகத்தில் துளி வெட்கமும் இல்லை. வீட்டில் சொன்னபோது இவர் என்னை மேலும் கீழும் பார்த்து, “ஒனக்கு வயிறே இல்லையே, எதப் போட்டு ஆட்டப்போற?” என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, சனிக்கிழமை கடையிலிருந்து தானே சீக்கிரம் வந்து வீட்டைப் பார்த்துக்கொள்வதாகவும், போய்த்தான் பார்க்கும்படியும் சொன்னார். அந்தக் குரலில் இருந்த கெஞ்சலுக்காகத்தான் போனேன்.

அக்குறணை பஸ் போகும் பாதையிலேயே கடைகள். பாத்திரம், மசாலா, கைக்கடிகாரம், துணி என்று கடைக்கு மேல் கடை. ஒரு துணிக்கடையின் பின்பக்கப் படியால் ஏறினால் மாடியில் ஒரு நீண்ட அறை. ஜன்னலெல்லாம் தடித்த திரை. கதவடியில் ஒரு பிரம்புக் கூடை. போனை எல்லாரும் அதில் போட்டுவிட வேண்டும், யாருக்கும் விதிவிலக்கில்லை. கதவு பூட்டப்பட்டதும் கறுப்பு அபாயாக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று கொக்கியில் தொங்கின. உள்ளே இருந்து மஞ்சளும் பச்சையும் ரோஸுமாகப் பாவாடைகள் வந்தன. பஸ்ஸில் என்னோடு வாய் திறக்காமல் வந்த அம்மா ஒருவர் இடுப்பில் காசு தைத்த துணியைக் கட்டிக்கொண்டு சும்மா ஒரு குலுக்கு குலுக்கிப் பார்த்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

சொல்லிக்கொடுப்பவரை எல்லாரும் தாத்தா என்றார்கள். அக்குறணை முஸ்லிம்களின் பேச்சில் தாத்தா என்றால் அக்கா, அது எனக்குத் தெரியும், தொலைபேசியில் கேட்டுப் பழகியது. ஆனாலும் ரோஸ் பாவாடை கட்டிய ஒரு பெண்ணைத் தாத்தா என்று கூப்பிட நாக்கு கொஞ்சம் தடுக்கத்தான் செய்தது. ஐம்பதைத் தாண்டியவர், நல்ல பருமன். கணவரோடு பல வருடம் அரபு நாட்டில் இருந்தபோது, பக்கத்து வீட்டில் இருந்த எகிப்துக்காரியிடம் பழகியதாம். அங்கே பெண்கள் பெண்களுக்குள் கூடும்போது இப்படித்தான் ஆடுவார்கள், பார்க்க ஆம்பிளை தேவையில்லை என்று சொன்னார்.

என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “தின்டிட்டா வந்தீங்க?”

சுருக்கென்று தைத்தது. எங்கள் பக்கம் மாடுதான் தின்னும், மனிதர் சாப்பிடுவார்கள். கோபத்தில் பிள்ளையை ஏசும்போதுதான் தின்னு என்போம். அவர்களுக்கு அது சாதாரணச் சொல், மரியாதைக் குறைவே இல்லை என்று மூளைக்குத் தெரியும், காதுதான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்றும் சாப்பிடவில்லை என்றேன். அவர் என்னைத் தள்ளி உட்காரவைத்து, ஒரு வாழைப்பழமும் இரண்டு பேரீச்சம்பழமும் கையில் வைத்தார். “ஒண்டும் தின்னாம ஆடேலா,” என்றார். மெலிய வேண்டும் என்று பட்டினியோடு வருகிற பெண்களை அவர் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவாராம். வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களுக்கும் அதே கதிதான்.

அவருக்கு இரத்தத்தில் சீனி ஏறும் வருத்தம் இருந்தது. அதனால் சாப்பாட்டு விஷயத்தில் கண்டிப்பு. வகுப்பு முடிந்ததும் அவித்த கடலையைத் தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்து ஒரு பெரிய தட்டில் கொண்டுவருவார், கூடவே கேழ்வரகில் சுட்ட குரக்கன் ரொட்டி, சீனி போடாத இஞ்சித் தேத்தண்ணி. ஆடின உடம்புக்கு உடனே ஏதாவது கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது நம்மையே தின்னும் என்பார். எல்லாரும் தரையில் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் நாலைந்து கடலையை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருப்பேன்.

அந்த முதல் நாள் அவர் ஆடிக் காட்டியதைச் சொல்ல வேண்டும். சட்டையை நெஞ்சுக்குக் கீழே முடிச்சுப் போட்டுக்கொண்டு நடுவில் வந்து நின்றார். வயிறு வெளியே தெரிந்தது. பெரிய வயிறு, நாலு பிள்ளை பெற்ற வயிறு, வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்த வயிறு. அதை அவர் மறைக்கவுமில்லை, உள்ளே இழுக்கவுமில்லை. ஸ்பீக்கரில் மத்தளம் போல ஒன்று மெல்லத் தொடங்கியது. கால் அசையவில்லை. தோள் அசையவில்லை. முகம் கோயிலில் நிற்பவரின் முகம் போல அமைதியாக இருந்தது. வயிறு மட்டும் மேலிருந்து கீழாக அலையாக இறங்கியது, பிறகு கீழிருந்து மேலே ஏறியது. பால் பொங்குமுன் ஆடை தூக்குமே, அந்த மாதிரி. அதற்குள் ஏதோ உயிர் இருந்து தானாக மூச்சு விடுவது போல இருந்தது.

என் உடம்பு முழுக்கப் புல்லரித்தது. எனக்குத் தெரிந்த வயிறுகள் எல்லாம் ஒளித்துவைக்கப்பட்ட வயிறுகள். சேலை மடிப்புக்குள், பெல்ட்டுக்குள், போட்டோ எடுக்கும்போது இழுத்துப் பிடித்த மூச்சுக்குள் இருந்த வயிறுகள். இந்த அம்மா தன் வயிற்றை அரசி மாதிரி நடுச் சபையில் உட்காரவைத்திருந்தார். எனக்கும் இப்படி ஒன்று இருக்கிறதா என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமையும் வருவது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

வந்தேன். இடுப்பால் எட்டுப் போடப் பழகினேன், கையை வளைக்கப் பழகினேன். அதெல்லாம் மோசமில்லை. வயிற்று ஆட்டம் வந்ததும்தான் சிக்கல். தாத்தா மத்தளச் சத்தத்துக்கு மேலே குரலெடுத்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார். “பள்ள எறங்கட்டும்... நல்லா எறங்கட்டும்... பள்ள, பள்ள...”

பள்ளம் இறங்கட்டும் என்றுதான் என் காதில் விழுந்தது. இதில் விளங்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். வயிற்றில் பள்ளம் விழவேண்டும், அது ஆழமாக இறங்கவேண்டும். பேச்சில் யார் பள்ளம் என்று ‘ம்’மை அழுத்திச் சொல்கிறார்கள்? நான் வயிற்றை உள்ளே இழுத்தேன். அவர் இன்னும் இறங்கட்டும் என்றார், நான் இன்னும் இழுத்தேன். இருமினால் வலிக்கும் அளவுக்கு இழுத்தேன். மற்றவர்களுக்கு ஏன் பள்ளம் விழாமல் மேடாகத் தொங்குகிறது என்று உள்ளுக்குள் ஒரு இளக்காரம் கூட வந்தது. மெலிந்த உடம்பு, எனக்கு இது சுலபம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டிலும் பழகினேன். அலுவலகத்தில் ஏச்சு வாங்கும்போதும் பழகினேன், அதற்கு எனக்கு முன் அனுபவம் வேறு இருந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நெரிசலில் நிற்கும்போதும் பள்ளம் இறக்கினேன். ஆனால் ஆடும்போது என் வயிறு பலகை மாதிரி நின்றது. சாப்பாடு முன்பை விட மோசமாயிற்று. இரண்டு வாய்க்கு மேல் உள்ளே போகவில்லை. இவர் “வைக்கவா?” என்று கேட்பதைக் கூட நிறுத்தி, பேசாமல் தட்டை வைத்தார். ஒரு இரவு தட்டை எடுத்துப்போனவர் குசினியில் வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டே நின்றார். லேசாகப் போனவள் பாறாங்கல்லாகத் திரும்புகிறாயே என்று அவர் சொல்லாமலே எனக்குக் கேட்டது.

இந்தச் சனிக்கிழமையோடு சரி, பேசாமல் நின்றுவிடுவோம் என்ற முடிவோடுதான் அன்றைக்குப் போனேன். வெளியே நல்ல மழை. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். தாத்தா பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு என் முன்னால் வந்து நின்றார். என் நடுவுடம்பை ஏதோ தொலைந்த பொருளைத் தேடுவது போல உற்றுப் பார்த்தார்.

“புள்ள, ஒங்கட பள்ள எங்க? காணல்லியே,” என்றார்.

எனக்குச் சினம் ஏறிவிட்டது. இவ்வளவு பாடுபட்டுத் தோண்டி வைத்திருக்கிறேன், காணவில்லை என்கிறாரே என்று. “இதுக்கு மேல பள்ளம் விழாதுங்க தாத்தா. முதுகெலும்பே தட்டுது,” என்றேன்.

என் பக்கத்துக் கதிரைக்காரிதான் முதலில் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இரண்டு தமிழும் தெரியும் அல்லவா. கையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்கிப் பேச வந்தபோது, “அக்கா, எங்கட ஊட்டுப் பேச்சில பள்ளண்டா வயிறு,” என்றாள். வயிறு இறங்கட்டும், வயிற்றை விடுங்கள் என்றுதான் தாத்தா இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தாராம். நான் அதற்கு நேர்மாறாகக் கிணறு தோண்டிக்கொண்டிருந்தேன்.

எப்படி இது என் காதுக்குத் தப்பியது என்று யோசித்தேன். எல்லாத் தமிழும் தெரிந்த காதாயிற்றே. பிறகுதான் விளங்கியது. எனக்கு அழைக்கிற யாரும் தங்கள் வயிற்றைப் பற்றிப் பேசுவதில்லை. சிவப்பு லைட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒரு நாட்டின் ஏச்சு முழுவதும் எனக்குத் தெரிந்திருந்தது, வயிற்றுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் தெரியாமல் இருந்திருக்கிறது.

விஷயம் புரிந்ததும் அறையே குலுங்கியது. காசு தைத்த துணிகள் எல்லாம் சேர்ந்து சிணுங்கின. எனக்கும் சிரிப்பு வந்தது, வந்ததும் பழக்க தோஷத்தில் இரண்டு கையும் ஓடிப்போய் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டன. தாத்தா அந்தக் கைகளைப் பார்த்தார். எதற்காகப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டார்.

நான் யோசிக்காமலே சொன்னேன். ஒப்பரேஷன் முடிந்த மறுநாள் வார்டில் நேர்ஸ் சொன்னது. இருமினாலும் தும்மினாலும் சிரித்தாலும் தலையணையை வைத்து வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், தையல் விட்டுவிடக் கூடாது என்று. சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது. தையல் பிரித்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், இனி விட்டுவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. நேர்ஸ் மறந்திருப்பார், அல்லது இதைக் கூடவா சொல்லவேண்டும் என்று நினைத்திருப்பார். நான் ஒழுங்கான நோயாளி, சொன்னதைச் செய்துகொண்டே இருந்திருக்கிறேன். தூக்கத்தில் கூடப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன் போலிருக்கிறது.

தாத்தா சிரிக்கவில்லை. என் இரண்டு கையையும் மெல்ல எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டார். சூடாக, கனமாக, பஞ்சு போல இருந்தது. கீழே விரலை வைத்து ஒரு இடத்தைக் காட்டினார். எனக்கிருந்த அதே கோடு, அதைவிடப் பழையது, அதைவிட நீளம்.

“காயம் ஆறிட்டு, மகள்,” என்றார். “இனிப் பள்ளய உடுங்கொ.”

விட்டேன். சொல்லும்போது ஒரு சொல்தான், விடும்போது பயமாக இருந்தது. ஏதோ பிய்ந்து கொட்டப்போகிறது என்று உடம்பு நிஜமாகவே நம்பியது. கொஞ்சம் விட்டேன், நின்றேன், இன்னும் கொஞ்சம் விட்டேன். ஒன்றும் கொட்டவில்லை. மூச்சு நெஞ்சைத் தாண்டிக் கீழே இறங்கியது. அது இறங்கிய ஆழத்தை என்னால் நம்ப முடியவில்லை. எனக்குள் இவ்வளவு இடம் இருந்ததா என்று திகைத்துப் போனேன். குனிந்து பார்த்தேன். சட்டைக்குக் கீழே சின்னதாக, உருண்டையாக ஒரு வயிறு வந்திருந்தது. பிறந்த பிள்ளையை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யாரோ பாட்டைப் போட்டார்கள். மத்தளம் தொடங்கியதும் அந்தச் சின்ன வயிறு தானாக நடுங்கியது. அலை என்று சொல்ல முடியாது, ஒரு துடிப்பு, அவ்வளவுதான். நான் செய்யவில்லை, அதுவாகச் செய்தது. மலை ஏறினேன், பிள்ளை பெற்றேன், நாற்பத்தைந்து வருடம் இந்த உடம்புக்குள்ளேயே குடியிருந்தேன், இப்படி ஒரு அதிசயத்தை நான் கண்டதில்லை. அழுகை வந்தது. அழும்போதும் வயிறு குலுங்கியது, அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதும் குலுங்கியது. இந்த முறை கையைக் கொண்டுபோய்ப் பிடிக்கவில்லை.

அன்றைக்கும் கடலை வந்தது. நான் வழக்கம் போல நாலைந்தைத்தான் எடுத்தேன். நடந்த கூத்தில் எதையும் மென்றதாக ஞாபகம் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மழை விட்டிருந்தது. அலவத்துகொடைப் பக்கமிருந்து வந்த பஸ், ஈரத் துணி வாசம். கட்டுகஸ்தோட்டையை நெருங்கும்போது நெஞ்சுக்குழிக்குக் கீழே ஏதோ பிறாண்டியது. ஒரு வெறுமை, ஒரு இழுப்பு, கொஞ்சம் எரிச்சல். ஐயோ, கேஸ்ட்ரிக் தொடங்கிவிட்டது என்று பையைத் திறந்து மாத்திரையைத் தேடி எடுத்தேன். அட்டையைப் பிதுக்கி மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது ஆற்றுப்பாலத்துப் பக்கம் வீதியில் பாண் ரொட்டி விற்கும் ஒரு ஆட்டோ தன் பாட்டைப் பாடிக்கொண்டு பஸ்ஸை உரசிப் போனது. சுடச்சுட பாண் வாசம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. வாயில் எச்சில் ஊறியது. வயிறு சத்தமாக, பக்கத்தில் இருந்த ஐயாவுக்கும் கேட்கும்படி, ஒரு குரல் கொடுத்தது.

நான் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். பசியைக் கண்டு அடையாளம் தெரியாமல் மருந்தை எடுத்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போன இடம் சொல்லாமல் போனது, வருகிறேன் என்றும் சொல்லாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. கோயிலில் கூட இப்படிக் கை கூப்பத் தோன்றியதில்லை எனக்கு. மாத்திரையைத் திரும்பப் பையில் போட்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு மேட்டில் ஏறும் வழியெல்லாம் அது கூடவே வந்தது. குறையவில்லை, வளர்ந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது கருவாட்டுக் குழம்பு மணத்தது. இவர் எட்டிப் பார்த்தார். என் கண் சிவந்திருப்பதைக் கண்டு ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல், “வைக்கவா?” என்றார்.

“பள்ள பசிக்குதுங்க,” என்றேன். “தின்ன என்னா இருக்கு?”

வேறு நாளாயிருந்தால் இந்தத் தமிழுக்கு ஒரு மாதம் என்னைக் கேலி பண்ணியிருப்பார். மாடா நீ, வைக்கோல் போடவா என்றிருப்பார். அன்றைக்கு அகப்பையைப் பிடித்தபடி நின்றார். பிறகு, சரியாகக் காதில் விழாதவர் போல, “பசிக்குதுன்னா சொன்ன?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் திரும்பிச் சட்டி மூடியைத் திறந்தார், அது கை தவறிக் கீழே விழுந்து குசினி முழுக்கச் சுற்றியது.

நான் சாப்பிட்டேன். இல்லை, தின்றேன் என்றே சொல்ல வேண்டும். குழம்பு விரலெல்லாம் வழிய, புளிப்பும் உறைப்பும் ஒவ்வொன்றாக நாக்கில் தெரியத் தெரியத் தின்றேன். இன்னும் கொஞ்சம் என்றேன், வைத்தார். இன்னும் கொஞ்சம் என்றேன், அதையும் வைத்தார். எனக்கு எதிரே நின்று என் கையையும் வாயையும் பார்த்துக்கொண்டே இருந்தார். தட்டை வழித்து நிமிர்ந்தபோதுதான் சட்டி காலியாக இருப்பதைக் கண்டேன். அவருடைய பங்கும் என் பள்ளைக்குள் போய்விட்டிருந்தது.

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. காலைப் பாணில் மிஞ்சிய முனைத் துண்டை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதைப் பிய்த்து வெறும் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டே, வேறு எங்கேயோ பார்த்தபடி சொன்னார்:

“நாளையிலேருந்து அரிசி கூடப் போடணும்.”